காதுகுத்துக்குப் போக விடாத ஃபிளைட்: தலைக்குப் பத்தாயிரம் கிடைக்குமா?

பெங்களூர் மர்ஃபி டவுன்ல இருந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. பேரு வேணாம்னு கேட்டிருக்காங்க, அதனால ஏர்லைன் பேரு, ஆப் பேரு எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துட்டேன். விஷயம் இதுதான். மதுரைல நாத்தனார் பையனுக்கு காதுகுத்து, காலைல 6 டு 7.30 முகூர்த்தம். இவங்க வீட்டுக்காரர்தான் தாய்மாமன், அவர் மடியில உக்கார வெச்சுதான் குத்தணும். முந்தின நாள் சாயங்காலம் 7.10 ஃபிளைட்டுக்கு ஒரு டிராவல் ஆப்ல நாலு டிக்கெட் போட்டிருக்காங்க: இவங்க, வீட்டுக்காரர், 69 வயசு மாமியார், பதினாலு வயசுப் பையன். தேவனஹள்ளி போயி, பேக் எல்லாம் போட்டு, கேட்ல உக்காந்தப்புறம் 8.15ன்னு ஒரு எஸ்எம்எஸ், அப்புறம் 9 மணின்னு ஒண்ணு, 9.40க்கு கேன்சல். எஸ்எம்எஸ்ல ‘ஆபரேஷனல் ரீசன்ஸ்’னு இருக்கு, கவுன்டர்ல இருந்த பொண்ணு ‘மதுரைல வெதர்’னு சொல்லியிருக்கு, பக்கத்துல இருந்த இன்னொரு ஸ்டாஃப் ‘க்ரூ டூட்டி டைம் முடிஞ்சிருச்சு மேடம்’னு மெதுவா சொல்லியிருக்கார். அத்தனை நேரம் உக்கார வெச்சதுக்கு ஆளுக்கு ஒரு ஜூஸ் டப்பா, ஒரு பிஸ்கட் பாக்கெட். மாமியாருக்கு சுகர், ஜூஸ் குடிக்க முடியாது, வேற ஏதாவது கேட்டதுக்கு ‘இதுதான் இருக்கு’ன்னுட்டாங்க.

மறுநாள் மத்தியானம் சீட் தர்றோம்னதை வேணாம்னு சொல்லிட்டு 15,500 ரூபாய்க்கு டாக்ஸி பிடிச்சு ஹோசூர், சேலம், கரூர், திண்டுக்கல்னு ராத்திரி முழுக்க ஓடியிருக்காங்க, போய் சேரும்போது எட்டே கால். முகூர்த்தம் போச்சு. அடுத்த நல்ல நேரம் பார்த்து குத்தியிருக்காங்க, ஆனா ‘தாய்மாமன் லேட்டு’ங்கற பேச்சு இன்னும் அந்த வீட்ல ஓயலையாம். இடைல கவுன்டர்ல வீட்டுக்காரர் மேசையைத் தட்டி ‘உன் வேலைய காலி பண்ணிடுவேன்’னு கத்தினதும், பையன் அதை வீடியோ எடுத்ததும், சூப்பர்வைசர் வந்து ‘உங்களை நோ-ஃப்ளை லிஸ்ட்ல போட்டுடுவோம்’னு மிரட்டினதும் நடந்திருக்கு. டிக்கெட் பணம் ஆப்போட வாலட்ல தானா வந்து விழுந்திருக்கு, பேங்குக்கு மாத்த முடியல. இவங்க கேக்கறது: தலைக்கு 10,000 வரும்னு எல்லாரும் சொல்றாங்களே, எப்படி வாங்கறது? மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு கேஸ் போடலாமா? அந்தப் பொண்ணோட பேட்ஜ் தெரியற மாதிரி வீடியோவ போட்டா ஏர்லைன் பயப்படுமா? வீட்டுக்காரர் இனி ஃபிளைட் ஏற முடியுமா?

சகோதரி, உங்க கோபம் நியாயமானது. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா நீங்க கேட்டிருக்கற நாலுல இரண்டு உங்களுக்கே பாதகமா திரும்பக்கூடியது, அதை முதல்லயே சொல்லிடறேன், 5 லட்சமும் வீடியோவும். மத்ததுல உங்க பக்கம் நல்லாவே பலம் இருக்கு, நீங்க நினைக்கிறதை விட அதிகமாவே.

பத்தாயிரம் கணக்கு

கேன்சலேஷனுக்கு டிஜிசிஏ (விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கற மத்திய அரசு அமைப்பு) விதி இருக்கு, அதுல 10,000ங்கற நம்பரும் இருக்கு, ஆனா அது எல்லாருக்கும் இல்ல. ஃபிளைட் பறக்கற நேரத்தைப் பொறுத்து மூணு ஸ்லாப்: 1 மணி நேரம் வரைக்கும் 5,000, 1க்கு மேல 2 வரைக்கும் 7,500, 2 மணி நேரத்துக்கு மேல போனா 10,000. பெங்களூர் மதுரை நடு ஸ்லாப்ல வரும். அதோட முடியல, அந்தத் தொகை, இல்லேன்னா உங்க ஒரு வழி பேசிக் ஃபேர் ப்ளஸ் ஃப்யூயல் சார்ஜ், இதுல எது கம்மியோ அதுதான். நீங்க அனுப்பின டிக்கெட்ல ஆளுக்கு மொத்தம் 4,280, அதுல பேசிக்கும் ஃப்யூயலும் சேர்த்து 3,250, மீதி வரியும் ஏர்போர்ட் கட்டணமும். அப்போ உங்க கணக்கு ஆளுக்கு 3,250, நாலு பேருக்கு 13,000. 40,000 இல்ல. இது ரீஃபண்டுக்கு மேல வர்ற பணம்ங்கறதை மட்டும் மறந்துடாதீங்க, டிக்கெட் காசு 17,120 முழுசா தனியா வரணும்.

‘மறுநாள் சீட் தந்தோம், அவங்கதான் வேணாம்னாங்க, அதனால நஷ்டஈடு கிடையாது’ன்னு ஏர்லைன் பதில் எழுதும், எழுதாம இருந்தா ஆச்சரியப்படுவேன். விதியில இருக்கறது, பயணி ஏத்துக்கற மாதிரி மாத்து ஃபிளைட் தரணும், இல்லேன்னா நஷ்டஈடும் முழு ரீஃபண்டும். காலைல ஆறு மணி முகூர்த்தத்துக்குப் போறவங்களுக்கு மத்தியான ஃபிளைட் எப்படி ஏத்துக்கற மாதிரி ஆகும்? இங்கதான் உங்க வீட்ல இருக்கற காதுகுத்துப் பத்திரிகை வேலை செய்யுது. தேதி, முகூர்த்த நேரம், ‘தாய்மாமன்’னு உங்க வீட்டுக்காரர் பேரு எல்லாம் அதுல அச்சுல இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதை கிழிச்சு எறியாம பத்திரமா வைங்க, மன உளைச்சல்னு பத்து பக்கம் எழுதறதை விட அந்த ஒரு அட்டை அதிகமா பேசும்.

டிலேக்கு தனியா காசு கிடைக்குமான்னும் ஒரு வரி கேட்டிருக்கீங்க. டிஜிசிஏ விதிப்படி டிலேக்கு மட்டும்னு பணம் கிடையாது. இரண்டரை மணி நேரத்துக்குள்ள பறக்கற ஃபிளைட் 2 மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டானா சாப்பாடு, ரிஃப்ரெஷ்மென்ட் தரணும், அவ்வளவுதான். சுகர் பேஷன்ட்டுக்கு ஜூஸ் டப்பாவை நீட்டினதை கம்ப்ளைன்ட்ல கண்டிப்பா எழுதுங்க, சேவைக் குறைபாடுன்னு காட்ட அதுவும் ஒரு புள்ளி.

மூணு காரணம் சொன்னதுதான் உங்க பலம்

ஏர்லைனோட கட்டுப்பாட்டுக்கு மீறின அசாதாரண சூழ்நிலைன்னா நஷ்டஈடு தர வேண்டியதில்ல. அந்த லிஸ்ட்ல வெள்ளம், கலவரம், ஸ்ட்ரைக், அரசு உத்தரவு, மோசமான வானிலை, ஏர் டிராஃபிக் கண்ட்ரோல் சிக்கல் இதெல்லாம் வரும். ‘ஆபரேஷனல் ரீசன்ஸ்’ங்கறது அதுல இல்ல, அது எதை வேணாலும் மூடற போர்வை. அதனாலதான் கவுன்டர்ல ‘வெதர்’ங்கற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் வாயில வருது, இதை நான் எத்தனையோ ஃபைல்ல பாத்தாச்சு.

உங்ககிட்ட எஸ்எம்எஸ் இருக்கு, அதுல வெதர்னு ஒரு எழுத்து கிடையாது. உங்க பையன் டிஸ்ப்ளே போர்டை போட்டோ எடுத்திருக்கான், அதுல அதே சாயங்காலம் வேற ஏர்லைனோட மதுரை ஃபிளைட் ‘டிபார்ட்டட்’னு நிக்குது. கெட்டிக்காரப் பையன். அது நிஜமா மதுரைல இறங்குச்சான்னு ஃபிளைட் டிராக்கிங் சைட்ல அந்த தேதிக்குப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, பழைய தேதிங்கள அந்த சைட்டுங்க ரொம்ப நாள் ஃப்ரீயா காட்டாது, அதனால இன்னிக்கே. மதுரைல மழை இல்லைன்னு இதுவே நிரூபிச்சிடாது, ஒரு ஃபிளைட் இறங்கின அரை மணில வானம் மாறலாம், ஆனா காரணத்தை நிரூபிக்க வேண்டிய பாரம் அவங்க பக்கம் போயிடும், ரெக்கார்டு எல்லாம் அவங்ககிட்டதானே இருக்கு.

க்ரூ டூட்டி டைம்னு ஒருத்தர் சொன்னாரே, அது உண்மையா இருந்தா விஷயம் இன்னும் சுவாரசியம். பைலட் இத்தனை மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுங்கறது பாதுகாப்பு விதி, அதை மீறி ஓட்டச் சொல்லி நாம யாரும் கேக்க மாட்டோம். ஆனா ஆள் பத்துற மாதிரி ரோஸ்டர் (யாருக்கு எப்போ டூட்டிங்கற பட்டியல்) போடறது ஏர்லைன் வேலை. 2025 டிசம்பர்ல இண்டிகோ ஆயிரக்கணக்குல ஃபிளைட் கேன்சல் பண்ணி ஊரே ஏர்போர்ட்ல படுத்துக் கிடந்துச்சே, அதுக்குப் பின்னாடியும் பைலட் டூட்டி விதி மாறினதுக்குத் தக்கபடி ரோஸ்டர் தயாரா இல்லாததுதான் முக்கிய காரணம். காலைல எங்கயோ மழையில மாட்டி, அதனாலதான் க்ரூ நேரம் தீந்துச்சுன்னு ஏர்லைன் ஒரு வாதம் வைக்கலாம், அது எடுபடவும் வாய்ப்பு இருக்கு. அதனால 13,000 உறுதின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாயால இரண்டு பேரு இரண்டு காரணம் சொன்னதை, யார் எந்த நேரத்துல சொன்னாங்கன்னு, மறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

‘இது லோ காஸ்ட் ஏர்லைன், சீப் டிக்கெட்டு, இதுக்கெல்லாம் உரிமை பேச முடியாது’ன்னு உங்க கொழுந்தனார் சொன்னதா எழுதியிருக்கீங்க. அவர்கிட்ட ஒரு கேஸ் சொல்லுங்க. 2007 டிசம்பர்ல டெல்லி பனிமூட்டத்துல ஹைதராபாத் போக வேண்டிய ஒரு பயணி பல மணி நேரம் ஃபிளைட்டுக்குள்ளயே உக்காந்திருந்தார், ஹைதராபாத் லோக் அதாலத் அவருக்கு 10,000 நஷ்டஈடு கொடுத்துச்சு, ஏர்லைன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2011ல வந்த தீர்ப்புல அந்த 10,000 ரத்தாயிடுச்சு, பனிமூட்டம் ஏர்லைன் தப்பு இல்லன்னு. ஆனா அதே தீர்ப்புல லோ காஸ்ட்னு சொல்லிக்கிட்டு அடிப்படை வசதியும் பாதுகாப்பும் தராம தப்பிக்க முடியாதுன்னும் தெளிவா சொன்னாங்க, டிக்கெட்ல ‘டெல்லி கோர்ட் மட்டும்’னு போட்டிருக்கறதால ஹைதராபாத்ல விசாரிக்கக் கூடாதுங்கற வாதத்தையும் ஏத்துக்கல. உங்க கேஸுக்கு இரண்டு பக்கமும் வெட்டற தீர்ப்பு அது. வெதர்னு நிரூபிச்சா அவங்க ஜெயிப்பாங்க, இல்லேன்னா நீங்க.

வாலட்ல விழுந்த பணம்

ரீஃபண்டை கிரெடிட்டா வெச்சுக்கறதா, காசா வாங்கறதாங்கறது பயணி முடிவு, ஏர்லைன் தானா அப்படி போட்டு வைக்கக் கூடாதுன்னு டிஜிசிஏ விதியிலயே இருக்கு. ஏர்லைன் ‘ஆப்கிட்ட அனுப்பிட்டோம்’னு சொல்லும், ஆப் ‘ஏர்லைன் பாலிசி’ன்னு சொல்லும், இந்தப் பந்து விளையாட்டுல நீங்க மாட்டாதீங்க. ஏஜென்ட் மூலமா புக் பண்ணியிருந்தாலும் ரீஃபண்ட் பொறுப்பு ஏர்லைனோடது, ஏஜென்ட் அவங்க பிரதிநிதிதான். அதனால ஒரே மெயில், டூ போடற இடத்துல ஏர்லைன், சிசில ஆப். வாலட் பணத்தை மட்டும் தொடாதீங்க, அதுல ஒரு சினிமா டிக்கெட் போட்டாலும் ‘ஏத்துக்கிட்டாங்க’ன்னு எழுதுவாங்க. ஆப் தனியா வாங்கின கன்வீனியன்ஸ் ஃபீஸ் பெரும்பாலும் திரும்ப வராது, அதுக்காக சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேணாம்.

வீடியோ, நோ-ஃப்ளை லிஸ்ட்

சூப்பர்வைசர் மிரட்டினது வெறும் மிரட்டல். கவுன்டர்ல நின்னுக்கிட்டே ஒருத்தரை அந்த லிஸ்ட்ல போட முடியாது. 2017ல வந்த விதிப்படி புகார் ஒரு உள் கமிட்டிக்குப் போகணும், அதுக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமை, 30 நாளைக்குள்ள முடிவு சொல்லணும். வாய்ப்பேச்சு ரகம் முதல் லெவல், அதுக்கு அதிகபட்சம் 3 மாசம், கை நீட்டினா 6 மாசம் வரைக்கும், உயிருக்கு ஆபத்தா நடந்துக்கிட்டா 2 வருஷத்துக்குக் கம்மி இல்லாம. உங்களுக்கு இது வரைக்கும் ஒரு நோட்டீஸும் வரல, நடந்து மூணு வாரம் ஆச்சு, வீட்டுக்காரர் நிம்மதியா அடுத்த டிக்கெட் போடலாம்.

ஆனா அவர் நடந்துக்கிட்டது சரின்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணு ஃபிளைட்டை கேன்சல் பண்ணல. மேல இருந்து வந்த ஒரு வரி மெசேஜை வெச்சுக்கிட்டு நூத்தைம்பது பேரோட கத்தலை வாங்கிக்கற வேலை அது, பல நேரம் ஏர்லைன் ஆளா கூட இருக்க மாட்டாங்க, கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனி கான்ட்ராக்ட் ஸ்டாஃப். பேட்ஜ் தெரியற மாதிரி வீடியோவ போட்டீங்கன்னா ஏர்லைன் பயப்படாது, அந்தப் பொண்ணு வேலை போகலாம், அவ சைடுல இருந்து உங்க மேல கம்ப்ளைன்ட் வரலாம், ‘உன் வேலைய காலி பண்ணிடுவேன்’ங்கற உங்க வீட்டுக்காரர் குரலும் அதே வீடியோல இருக்குங்கறதை மறந்துட்டீங்க போல. எங்கயும் போடாதீங்க, வெட்டவும் செய்யாதீங்க. முழுசா, எடுத்த போன்லயே இருக்கட்டும். வெட்டின வீடியோ எதிர் வக்கீலுக்குக் கல்யாண விருந்து. முழு வீடியோல அந்தப் பொண்ணு ‘வெதர்’னு சொல்ற பத்து செகண்ட் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, நமக்கு வேண்டியது அந்தப் பத்து செகண்ட்தான்.

எங்க கேக்கறது

முதல்ல ஏர்லைன் நோடல் ஆபீசருக்கு (பயணிகள் புகாரைப் பார்க்கற அதிகாரி) மெயில். பிஎன்ஆர், தேதி, மூணு எஸ்எம்எஸ்ஸோட ஸ்கிரீன்ஷாட், போர்டு போட்டோ, டாக்ஸி பில். அதுல ஒரு கேள்வி கண்டிப்பா இருக்கணும்: ஃபிளைட் ரத்தானதுக்கு என்ன காரணம், அந்த முடிவை எத்தனை மணிக்கு எடுத்தீங்க, எழுத்துல கொடுங்க. கோபமா ஒரு வார்த்தையும் வேணாம். பதில் வரலேன்னாலோ மழுப்பினாலோ ஏர்லைனோட அப்பலேட் அத்தாரிட்டி (மேல்முறையீட்டு அதிகாரி), அப்புறம் விமானப் போக்குவரத்து மினிஸ்ட்ரியோட ஏர்சேவா போர்ட்டல்ல கம்ப்ளைன்ட், கூடவே கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915. வாலட் மாதிரி விஷயம் பாதி நேரம் இந்தக் கட்டத்துலயே தீந்துடும். டிஜிசிஏக்கு நேரா எழுதினா உங்களுக்குப் பணம் வாங்கித் தருவாங்கன்னு நினைக்காதீங்க, அவங்க ஏர்லைனுக்கு அபராதம் போடலாம், உங்க நஷ்டத்தை கணக்குப் பார்க்கற இடம் அது இல்ல.

அந்த இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், ஏர்லைன் ஹெட் ஆபீஸ் இருக்கற ஊருக்கு ஓட வேண்டியதில்ல, டிக்கெட்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸே கிடையாது, இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம், வக்கீல் கட்டாயம் இல்ல (என் தொழிலுக்கு நானே வேட்டு வைக்கறேன், பரவால்ல). நடந்த நாள்ல இருந்து 2 வருஷம் டைம். சட்டத்துல 3 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, நிஜத்துல இழுக்கும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

டாக்ஸி காசு 15,500 டிஜிசிஏ விதியில வராது, ஆனா ஆணையத்துல கேக்கலாம், கேக்கவும் வேணும். டிரைவர் கையெழுத்துல கொடுத்த பில்லோட யுபிஐ ஸ்டேட்மென்ட்டையும் சேருங்க, அவரோட ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ்ல டோல் டோலா நேரம் வந்திருக்கும், அதையும் கேட்டு வாங்குங்க, மதுரைக்கு எத்தனை மணிக்குப் போனீங்கன்னு அதுவே சாட்சி சொல்லும். 5 லட்சம் மட்டும் வேணாம். நாலாயிரம் சொச்சம் டிக்கெட்டுக்கு 5 லட்சம்னு பார்த்ததும் பெஞ்ச்ல இருக்கறவங்க மூஞ்சி மாறும், உங்க நியாயமான 45,000மும் அந்த சந்தேகத்துல அடிபடும். ரீஃபண்ட் 17,120, நஷ்டஈடு 13,000, டாக்ஸி 15,500, இதுக்கு மேல மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு 30,000, 40,000னு கேளுங்க. டாக்ஸி முழுசா கிடைக்குமா, ரீஃபண்டைக் கழிச்சுக் கொடுப்பாங்களாங்கறது பெஞ்சைப் பொறுத்தது. ஏர்லைன் நடுவுல செட்டில்மென்ட் பேச வந்தா, டிராவல் வவுச்சரா இல்லாம பேங்க்ல பணமா வந்தா, முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேலன்னா நான் வாங்கிக்கச் சொல்வேன்.

உங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்ட் ஒருத்தர் ஹெப்பால் டிராஃபிக்ல மாட்டி லேட்டாகி போர்டிங் மறுத்ததுக்கு 20,000 வாங்கலாமான்னு உங்க லெட்டர்லயே வால் மாதிரி ஒரு கேள்வி ஒட்டியிருக்கார். கிடைக்காது. அந்த நஷ்டஈடு நேரத்துக்கு வந்து, கன்ஃபர்ம் டிக்கெட் கையில இருந்தும், ஓவர்புக்கிங்னால ஏத்த மாட்டேன்னா மட்டும்தான். ஆனா பறக்காத டிக்கெட்லயும் வரி, யூடிஎஃப் மாதிரி ஏர்போர்ட் கட்டணம் எல்லாம் திரும்பக் கேக்கலாம், அதை மட்டும் அவரைக் கேக்கச் சொல்லுங்க.

திரும்பி வர்றப்போ பேக் சக்கரம் உடைஞ்சிருந்ததை வீட்ல வந்துதான் பாத்தோம்னு எழுதியிருக்கீங்க. அது கஷ்டம். உடைஞ்ச பேக்குக்கு 7 நாளைக்குள்ள எழுத்துல புகார் கொடுத்திருக்கணும், பெல்ட் பக்கத்துலயே பிஐஆர் (பேக் சேதத்துக்கு ஏர்லைன் எழுதித் தர்ற ரிப்போர்ட்) போட்டு வாங்கியிருந்தா இன்னும் நல்லது. மூணு வாரம் ஆச்சு, விட்டுடுங்க. பேக் லேட்டா வந்தா கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாள்னு ஒரு கணக்கு இருக்கு, அடுத்த தடவைக்கு ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதே ரிட்டர்ன்ல வேற ஏர்லைன்ல மாமியாருக்கு வீல்சேர் கொண்டு வந்த பையன், ஃபிளைட் சீட்ல விட்டுட்டு வந்த காது மெஷினை திரும்ப ஓடிப் போய் எடுத்துட்டு வந்து கொடுத்தான்னு இரண்டு வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க. வீல்சேருக்கு காசு கிடையாது, 48 மணி நேரம் முன்னாடி சொல்லி வைக்கணும், இது எல்லா ஏர்லைனுக்கும் பொது. ஆனாலும் எல்லா இடத்துலயும் ஒழுங்கா கிடைக்கறதில்ல: 2024 பிப்ரவரில மும்பைல வீல்சேர் பத்தாம நடந்து போன 80 வயசுப் பயணி விழுந்து இறந்து போனார், டிஜிசிஏ ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் அபராதம் போட்டுச்சு. அதனால அந்தப் பையனைப் பத்தி அந்த ஏர்லைனுக்கு நாலு வரி மெயில் போடுங்க, ஃபிளைட் நம்பர், தேதி, பேரு தெரிஞ்சா பேரு. கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு அடுத்த ரின்யூவலப்போ அந்த மெயில் நிஜமாவே உதவும். அதை முடிச்சுட்டு நோடல் ஆபீசர் மெயிலை டிராஃப்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க, பார்த்து திருத்தித் தர்றேன்.